லெகசி வேகனும் ஒரு கேத்தலும்: கழற்றத் தொடங்க முன் கொஞ்சம் கதைப்போம்

வடமராட்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. அலுவலக வேலை. வெள்ளவத்தையில் இருந்த மாமா இரண்டு வருடத்துக்கு முன் கனடாவுக்குப் போகும்போது, பிள்ளை மாதிரி வைத்திருந்த 1997ஆம் ஆண்டு சுபாரு லெகசி ஜிரி-பி (GT-B) வேகனை மருமகனுக்கு உறவு விலையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு லீற்றர் எஞ்சின், இரண்டு ரேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வலுவைக் கூட்டுகிற விசிறி), கையால் மாற்றும் ஐந்து கியர், நாலு சில்லுக்கும் இழுவை. மீற்றர் 168,000 கிலோமீற்றர் காட்டுகிறது. மாதம் ஒருமுறை அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது இந்தக் கார்தான். சனி ஞாயிறுகளில் வளவுக்குள் மாமரத்தின் கீழ் விட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து இவர் வேலை பழகுவதும் இதே காரில்தான். அப்பாவுக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. "இதை வித்துப்போட்டு ஒரு வாகன்ஆர் எடு" என்று சின்னக் கார் ஒன்றைக் காட்டுகிறார். மனைவி ஒன்றும் சொல்வதில்லையாம். செலவைக் கொப்பியில் எழுதி வைக்கிறாராம்.

கேள்விகள் நாலு. ஒன்று, 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகிற சுற்று) தாண்டுகிற இடத்தில் கார் ஒரு கணம் செத்து எழும்புகிறது. இரண்டு ரேர்போவையும் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பூட்டினால் சரி என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா? இரண்டு, பிஸ்ரனையும் வால்வையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற ரைமிங் பெல்ற்றை வீட்டிலேயே தானே மாற்ற முடியுமா? மூன்று, காலையில் எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று சத்தம். ஒரு கராஜில் எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் போடவேண்டும் என்றார்கள், உண்மையா? நாலு, புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை எடுத்துப் பெரிய சைலன்சர் போட்டு, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதித்தால் பொலிஸ், காப்புறுதிப் பிரச்சினை வருமா?

தம்பி, நாலுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கிழமைக்கு ஒருக்கால் அரைப் போத்தல் கிணற்றுத் தண்ணி விடுறனான். பெற்றோல் 92தான் அடிக்கிறனான், 95க்கும் அதுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியேல்லை." நீங்கள் கேட்ட எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம்.

கேத்தலின் அடியைப் பாருங்கள்

உங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொருக்காக வருகிற ஒரு படை இருக்கும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நம் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லினூடாகத்தான் வருகிறது. கேத்தலில் படிகிற அதே சுண்ணாம்பு உங்கள் ரேடியேற்றரின் குழாய்களிலும், எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வழியிலும், ரேர்போவைக் குளிர வைக்கிற மெல்லிய குழாய்க்குள்ளும் படிகிறது. கேத்தலை எலுமிச்சம்புளி விட்டுக் கழுவலாம். அலுமினிய எஞ்சினை அப்படிக் கழுவ ஏலாது.

முதல் வேலையாக இருக்கிற தண்ணீரை வடித்து, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். கடையில் கேட்கும்போது அசிட் இல்லை, தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். பிறகு அலுமினிய எஞ்சினுக்கு ஏற்ற நல்ல கூலன்ற்றும் அதே தண்ணீரும் பாதிக்குப் பாதி. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் காற்று எங்காவது ஒரு மூலையில் அடைந்துவிடும். ரேடியேற்றரில் நிரப்புவதைவிட, எஞ்சினுக்கு மேல் இருக்கிற சிறிய தாங்கி வழியாக, மெல்ல மெல்ல விடவேண்டும். ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் பொத்தானைத் தொடுகிற ஒரே சந்தர்ப்பம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, அந்த அரைப் போத்தல் எங்கே போகிறது? மூடிய ஒரு சுற்றில் தண்ணீர் குறையக்கூடாது. சுபாரு என்றதும் எல்லோரும் ஹெட் கஸ்கற் (எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் இடையில் ஒழுகாமல் அடைக்கிற தகடு) என்பார்கள். அந்தக் கெட்ட பெயரை அதிகம் சம்பாதித்தது ரேர்போ இல்லாத இரண்டரை லீற்றர் எஞ்சின்தான். உங்களுடைய இரண்டு லீற்றர் அந்த வரிசையில் முன்னுக்கு நிற்பதில்லை. ஆனாலும் ஒருமுறை கொதித்திருந்தால் எந்த எஞ்சினுக்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே ஊகிக்க வேண்டாம், சோதியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றருக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தால் வெளியே ஒழுகுகிற இடம் தெரியும். வெளியே ஒழுக்கு இல்லை என்றால், கூலன்ற்றுக்குள் எரிந்த வாயு வருகிறதா என்று பார்க்கிற நீலத் திரவச் சோதனை இருக்கிறது. திரவம் மஞ்சளானால் கஸ்கற். எனக்கென்னவோ முதலில் தண்ணிப் பம்பையும் பழைய ஹோஸ் முனைகளையும் பார்க்கச் சொல்லத் தோன்றுகிறது. காரின் வயதுதான் அந்த றப்பருக்கும்.

பெற்றோலுக்கு வருவோம். இந்தக் கார் யப்பானின் உயர்ரக பெற்றோலுக்காகச் சரிசெய்யப்பட்டது. அங்கே அந்த ரகம் 100 ஒக்ரேனை (பெற்றோல் தன்பாட்டில் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற அளவு) ஒட்டி விற்கப்படுவது. நம் பம்பில் நம்பி அடிக்கக்கூடிய 95கூட இதற்கு ஒரு படி குறைவு. 92 என்றால் இரண்டு படி. ஒக்ரேன் குறைந்தால் ரேர்போ அழுத்துகிற நேரத்தில் எரிபொருள் தன்பாட்டில் முந்தி வெடிக்கும். அதை நொக் சென்சர் கேட்டு, கணினி பொறியைப் பிந்த வைக்கும். கார் மந்தமாகும், ஆனால் ஓடும். அதனால்தான் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கணினி பிந்த வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிஸ்ரனில் றிங் உட்காருகிற மெல்லிய விளிம்பு உடையும். இந்த எஞ்சின் குடும்பத்தின் நன்கு தெரிந்த பலவீனம் அது. இனி 95 மட்டும். வழியில் 92தான் கிடைத்தது என்றால் அடியுங்கள், ஆனால் அந்தத் தாங்கி முடியும்வரை அக்சிலேற்றரை அழுத்தாமல் மெல்ல ஓட்டுங்கள். ஊருக்குள் லீற்றருக்கு 7, 8 கிலோமீற்றர்தான் ஓடும் என்ற காரில் பெற்றோலில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது, கலியாண வீட்டில் வாழையிலை மிச்சம் பிடிப்பது மாதிரி.

அந்தச் 'செத்த இடம்'

நீங்கள் குறைபாடு என்று நினைப்பதில் அரைவாசி இந்தக் காரின் இயல்பு. மற்ற அரைவாசி பழுது. உங்கள் நண்பர் இரண்டையும் சேர்த்து வெட்டி எறியச் சொல்கிறார்.

இந்தக் காரில் இரண்டு ரேர்போவும் ஒன்றாக வேலை செய்வதில்லை. கீழ் வேகத்தில் முதலாவது மட்டும் ஊதும். 4000 ஆர்பிஎம்மைத் தாண்டி ஏறும்போது இரண்டாவது சுழல ஆரம்பித்துச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கைமாற்றத்தில் அழுத்தம் கொஞ்சம் விழும். புதுக் காரிலேயே அது இருந்தது. ஜிரி-பி வந்த 1996இல் 280 குதிரைவலு என்று போட்டுக்கொண்டு வந்த கார் இது. அந்தக் காலத்து யப்பானியக் கம்பனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த உச்ச எல்லையே அந்த 280தான். அவ்வளவையும் இரண்டு லீற்றரில் எடுக்க அவர்கள் கொடுத்த விலை அந்தக் குழி.

ஆனால் அது ஒரு தயக்கம் மாதிரி இருக்க வேண்டும். "செத்து எழும்புகிறது" என்று நீங்கள் எழுதுகிற அளவுக்கு இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேர்போவை அல்ல, காற்றுக் குழாய்களை. இரண்டாவது ரேர்போவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதையெல்லாம் கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கிற, மின்சாரத்தால் திறந்து மூடுகிற சொலனொயிட் வால்வுகள் தீர்மானிக்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து பென்சில் தடிப்பில் றப்பர் ஹோஸ்கள் பின்னிப் பிணைந்து போகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே ரேர்போவின் சூடு. வருடக்கணக்கில் வெந்த றப்பர் கையில் எடுத்தால் கருவாடு மாதிரி விறைத்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் இதே வகைக் கார் ஒன்று என்னிடம் வந்தது. முன்னைய இடத்தில் இரண்டாவது ரேர்போ போய்விட்டது என்று சொல்லி, கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்றை எடுப்பித்து மாற்றியிருந்தார்கள். நோய் அப்படியே. நான் ரேர்போக் காற்றைக் குளிர வைக்கிற இன்ரர்கூலரைக் கழற்றிவிட்டு ரோச்சை அடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஹோஸாக விரலால் மடக்கிப் பார்த்தேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஹோஸின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், சின்னி விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மடக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பதிலுக்குப் போட்ட ஹோஸ் துண்டின் விலை அன்று ஒரு சோத்துப் பார்சலின் விலை.

நீங்களும் அதையே செய்யுங்கள். இது வீட்டு முற்றத்துக்கென்றே படைத்த வேலை. பொனற்றைத் திறந்து முதலில் கைத்தொலைபேசியில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு ஹோஸ் மட்டும். கழற்றியதன் உள்விட்டத்தை அளந்து, அதே விட்டத்தில் சிலிக்கோன் ஹோஸ் வெட்டிப் பூட்டி, அதன் பிறகு அடுத்ததற்குப் போங்கள். பழைய ஹோஸை எறிய முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஊதிப் பாருங்கள். சிலவற்றுக்குள் நடுவில் ஊசித் துளையுள்ள சிறிய உலோக மணி ஒன்று இருக்கும். அடைப்பு என்று நினைத்து அதை எறிந்துவிடுவார்கள். அது காற்றை அளந்து விடுகிற கட்டுப்பாடு; அதை எடுத்துப் புது ஹோஸுக்குள் வைக்காவிட்டால் பூஸ்ற் (ரேர்போவின் அழுத்தம்) தலைகீழாகப் போகும்.

சரி, எல்லாம் செய்தும் அந்தக் குழி பிடிக்கவில்லை, ஒற்றை ரேர்போதான் வேண்டும் என்றால்? செய்யலாம். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அது ஒரு ரேர்போவை வாங்குகிற வேலை இல்லை. புகை போகிற குழாய்கள் மாற வேண்டும், காற்று வருகிற குழாய் மாற வேண்டும், பெரும்பாலும் பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ரர் மாற வேண்டும், இவற்றையெல்லாம் புரிந்துகொள்ளக்கூடிய வேறு கணினி வேண்டும். கடைசியில், சில்லை உருளையில் ஓடவிட்டு வலுவை அளக்கிற டைனோவில் ஏற்றி எரிபொருள் அளவையும் பொறி நேரத்தையும் ஆறுதலாகச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும், அதுவும் ஒருமுறை போய் முடியாது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு 'காதாலே கேட்டுச் சரிபண்ணின' கார்களின் பிஸ்ரன்களை நான் கண்டிருக்கிறேன். 95 பெற்றோலில், நம் வெயிலில், அது சூதாட்டம். என் பேச்சைக் கேட்பதானால், ஹோஸ், பிளக், காற்று வடி, பெற்றோல் வடி எல்லாம் புதிதாகி ஆறு மாதம் ஓடின பிறகு இந்தக் கேள்வியைத் திரும்ப எடுங்கள்.

ரைமிங் பெல்ற்: ஓம், ஆனால்

மாமா எப்போது மாற்றினார் என்று தெரியாது என்கிறீர்கள். அப்படியென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதன் தவணை 100,000 கிலோமீற்றர். இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தால் பிஸ்ரனும் வால்வும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கொடிகாமத்தில் அறுந்தால் கார் அங்கேயே நிற்கும். எஞ்சின் தலை கழற்றித்தான் வீடு வரும். ஆகவே மற்ற எந்த மாற்றத்துக்கும் முன்னால் காசு போகவேண்டிய இடம் இது.

நீங்களே செய்யலாமா? ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த, அவசரப்படாத ஆளால் முடியும். ரேடியேற்றர் காற்றாடிகளைக் கழற்றினால் எஞ்சினின் முன்பக்கம் கை போக நிறைய இடம் இருக்கிறது. பல கார்களைவிட இது வசதி. ஆனால் முதல் தடவை, இதே எஞ்சினில் செய்த பாஸ் ஒருவரை ஒரு நாள் கூலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வீடியோவில் தவறவிடக்கூடிய மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கிராங்கின் (பிஸ்ரன்கள் சுற்றுகிற பிரதான தண்டின்) பல்சில்லில் கண்ணுக்குத் தெளிவாக ஓர் அம்புக்குறி இருக்கும். அது பெல்ற் பூட்டுகிற அடையாளம் இல்லை. சில்லின் பின் விளிம்பில் இருக்கிற சின்னக் கோட்டைத்தான் எஞ்சினில் உள்ள குறியோடு பொருத்த வேண்டும். அம்பை நம்பிப் பூட்டியவர்கள் வால்வு வளைத்தவர்கள்.

காரில் இருந்து பார்த்தால் இடப்பக்கத்து இரண்டு கம்சாவ்ற்றும் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுகள்) வால்வு ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் நிற்பவை. பெல்ற்றை எடுத்த கையோடு அவை 'டக்' என்று தானாகச் சுழன்றுவிடலாம். சுழன்றால் ஒரே சிலிண்டரின் வால்வுகளே ஒன்றோடொன்று முட்டும். அவற்றைப் பிடித்து வைக்கிற பிளாஸ்ரிக் பூட்டு விற்கிறார்கள்; எடுப்பியுங்கள்.

மூன்றாவது, பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. வைஸில் வைத்து மிக மெல்ல, சில நிமிடம் எடுத்து அழுத்தி, அதன் துளையில் ஒரு ஊசியைச் செருகிப் பூட்ட வேண்டும். பலங்கொண்ட மட்டும் ஒரே இறுக்காக இறுக்கினால் உள்ளே சீல் போய்விடும், போனது அன்று தெரியாது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள். 22 சைஸ் சொக்கற்றைக் கிராங்கில் போட்டுக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தடக்கினால் நிறுத்துங்கள், பலம் போடவேண்டாம். தடக்காமல் வந்து குறிகள் திரும்பப் பொருந்தினால்தான் ஸ்ரார்ட். பெல்ற்றை மட்டும் வாங்காமல் உருளிகள், ரென்ஷனர், தண்ணிப் பம்ப் எல்லாம் சேர்ந்த ஐசின் கம்பனிக் கிட் (தொகுதி) ஒன்றை எடுங்கள். தண்ணிப் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ற்தான். உங்கள் அரைப் போத்தல் தண்ணீரின் மர்மமும் ஒருவேளை அன்றே தீரும்.

காருக்குக் கீழே போவது பற்றி ஒரு வார்த்தை. படம் அனுப்பியிருக்கிறீர்கள்: முன் சில்லுக்குக் கீழே இரண்டு சீமெந்துக் கல், பக்கத்தில் ஒரு பனங்குற்றி. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். துளையுள்ள சீமெந்துக் கல் எச்சரிக்காமல் நொறுங்கும், விரிசல் விட்டு உங்களுக்கு நேரம் தராது. உங்கள் முற்றம் மணல் வேறு. தடித்த பலகை இரண்டைப் போட்டு, அதன் மேல் இரும்பு ஸ்ராண்ட், சில்லைக் கழற்றினால் அந்தச் சில்லையும் காருக்குக் கீழே தள்ளி விடுங்கள். வடிக்கிற பழைய ஒயில் ஏறக்குறைய நாலரை லீற்றர். அதை வேலியோரம் ஊற்றவும் வேண்டாம். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்த கதை 2014, 2015இல் நாம் எல்லோரும் பட்டது. சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. ஒரு கலனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

'டொக் டொக்' என்றால் எஞ்சின் முடிந்ததா?

அவசரப்பட்டு வேறு எஞ்சினுக்குக் காசு கட்டாதீர்கள். படுத்த சிலிண்டர் எஞ்சின்களில், குளிர்ந்திருக்கும்போது பிஸ்ரன் சுவரில் தட்டுகிற சத்தம் சாதாரணம். எஞ்சின் சூடாகப் பிஸ்ரன் விரிந்து சத்தம் மறையும். உங்களுக்கு மூன்று நாலு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல சகுனம். பயப்பட வேண்டிய சத்தம் இதற்கு எதிர்மாறு: சூடான பிறகுதான் வரும், 2000, 3000 ஆர்பிஎம்மில் காலை அழுத்தி எடுக்கும்போது கனமாகக் கேட்கும். அது கிராங்கின் பெயரிங். அது கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். ஒயில் வடிக்கும்போது வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். பித்தளைப் பொடி மாதிரி மினுங்கினால் எனக்கு எழுதுங்கள், மினுங்காவிட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இன்னுமொன்று. எஞ்சின் மாற்றுவது கராஜோடு முடிகிற காரியம் இல்லை. எஞ்சின் இலக்கம் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும், வாங்கிய எஞ்சினின் பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் விற்கப் போகிற அன்றுதான் அழுவார்கள்.

சைலன்சர், பதித்தல், காப்புறுதி

கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை எடுக்க வேண்டாம். வருட வருடம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அங்கே பெற்றோல் காரில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். அதை எடுத்துவிட்டுப் போனால் பெரும்பாலும் தோல்வி. சோதனைக்கு முதல் நாள் திரும்பப் பூட்டி, மறுநாள் கழற்றுகிற வித்தையை எனக்குச் சொல்லித் தரவேண்டாம், கேள்விப்பட்டிருக்கிறேன். சைலன்சரைப் பொறுத்தவரை, சத்தத்தை அடக்காத ஒன்றைப் பூட்டி ஓடினால் பொலிஸ் நிறுத்தி வழக்கு எழுதலாம். அதில் உங்களுக்கு வாதாட ஒன்றும் இருக்காது. துருப்பிடித்த பழையதை மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள், அளவோடு.

காப்புறுதி மதிப்பீட்டுக்கு விபத்துப்பட்ட வாகனங்களைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரச்சினை மாற்றம் செய்ததால் மட்டும் வருவதில்லை, சொல்லாமல் செய்ததால் வருகிறது. காப்புறுதி என்பது இரண்டு பக்கமும் ஒளிக்காமல் சொல்லவேண்டிய ஒப்பந்தம். வலுவைக் கூட்டியிருக்கிறீர்கள், ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறீர்கள் என்பது ஆபத்தைக் கூட்டுகிற தகவல். அதை எழுத்தில் அறிவித்து, ஏற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வையுங்கள். அறிவிக்காவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு மறுக்க அவர்களுக்கு வழி திறக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பதால் அது எப்படியும் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது உங்கள் முன் பம்பரைத் திருத்தித் தராது.

ஸ்பிரிங் வெட்டுவதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். ஜிரி-பிக்குக் குலுக்கலை அடக்குகிற பில்ஸ்ரைன் ஷொக் கம்பனியிலேயே போட்டு வந்தது. வெட்டின ஸ்பிரிங்கோடு அது நாலு ஒழுங்கை ஓடினால் ஒழுகும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் ஷொக்கும் ஸ்பிரிங்கும் களைத்ததால்தான்; அவற்றைப் புதுப்பித்தால் கார் தன் உயரத்துக்கு வரும், ஓட்டமும் நீங்கள் தேடுகிற மாதிரி இறுகும். ரயர் மாற்றும்போது நாலையும் ஒன்றாக, ஒரே வகையில், ஒரே தேய்மானத்தில் மாற்றுங்கள். நாலு சில்லும் இழுக்கிற காரில் ஒன்று சிறிது பெரிதென்றால் முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பங்கிடுகிற நடு டிஃபரன்ஷல் ஓயாமல் அரைபடும். அப்புறம், புங்குடுதீவுப் பாலத்தால் குறிகட்டுவானுக்குப் போய் வந்த அன்று அடிப்பக்கத்தையும் பின் சில்லு வளைவுகளின் உட்புறத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இந்த வேகன்களைத் துரு முதலில் தின்னத் தொடங்குவது அந்த வளைவில்தான்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிளினிக் நாளன்று காலை நாலரைக்கு ஸ்ரார்ட் ஆகாத கார், எத்தனை குதிரைவலு இருந்தும் அந்த வீட்டுக்குப் பயனில்லை. ஆனால் விற்கிற முடிவை இப்போது எடுக்கவேண்டாம். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போதைய விலையில் வாகன்ஆரும் மலிவில்லை. ஓடுகிற, பதிவு சுத்தமான லெகசியை எப்போதும் விற்கலாம், பெல்ற் அறுந்ததை விற்க முடியாது. மனைவியின் கொப்பியில் புதுப் பக்கம் எடுத்து, முதல் வரியில் கூலன்ற், இரண்டாவதில் ரைமிங் கிட், மூன்றாவதில் ஹோஸ் என்று எழுதச் சொல்லுங்கள். ரேர்போவுக்கு வரி விடவேண்டாம்.

வேலை தொடங்க முன் கலண்டரைப் பாருங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி முடிந்த மறு சனிக்கிழமை பெல்ற்றைக் கழற்றுங்கள். அப்படிச் செய்தால், ஒரு சாமான் பிழையாக வந்து, கொழும்பிலிருந்து திரும்ப எடுப்பிக்க வேண்டி வந்தாலும், கையில் மூன்று கிழமை இருக்கும்.